இருபத்தோரு மணி நேரம்தானே?

மயிலாப்பூரில் எந்த அடுக்ககத்தின் படிக்கட்டில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

"பையன் எங்கே இருக்கான் மாமி?"

"கலிபோர்னியா."

"அதனால என்ன, இருபத்தோரு மணி நேரம்தானே! இன்னிக்குப் போன் பண்ணினா நாளைக்கு வாசல்ல வந்து நிப்பான்."

சொன்னவருக்கு ஆறுதல் சொன்ன திருப்தி. கேட்டவருக்கு அன்றைய பொழுது ஓடிவிடும். பிள்ளைகளை அனுப்பிவிட்டு மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் தனியாக இருக்கும் எத்தனையோ பெரியவர்களின் தைரியம் இந்த ஒரு 'தானே'யின் மேல்தான் நிற்கிறது. அது அந்தப் பாரத்தைத் தாங்காது என்பதே என் கட்சி.

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். 1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்தில் நெவாசா கப்பலில் ஏறிய ராமானுஜன் லண்டன் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் 14. நாலு வாரம். இன்று மீனம்பாக்கத்தில் ஏறினால் லண்டன் சுமார் பதினோரு மணி நேரம். 1948 ஜூன் 8 அன்று லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் முதல் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா என்று இறங்கி இறங்கித்தான் போனது. 2021 ஜனவரியில் பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே எங்கும் இறங்காத விமானமே வந்துவிட்டது. அன்று ஜமீன்தார் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த பயணம் இன்று ஓய்வு பெற்ற வங்கி ஊழியருக்குக் கிடைக்கிறது. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு மாலை பனகல் பூங்காவிலிருந்து வேளச்சேரி போய்ச் சேரும் பாட்டை நினைத்தால், உலகம் சுருங்கிவிட்டது என்று சொல்வதில் என்ன தப்பு?

தப்பு இருக்கிறது. ஒன்றல்ல, ஆறு.

1. பறக்கும் நேரத்தைப் பயண நேரம் என்று யார் சொன்னது?

எங்கள் அடுக்ககத்தில் எதிர் வீட்டு மாமா ஒரு மார்கழிச் செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாலு மணிக்குப் போனார். மாமி கதவைத் தட்டி என்னைக் கூப்பிட்டு, நான் செருப்புக்கூடப் போடாமல் அங்கே போய் நிற்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். மகனுக்கு நான்தான் போன் போட்டேன். அங்கே திங்கள் மதியம் இரண்டரை மணி. அலுவலகத்தில் இருந்தான்.

அவனுக்கு அன்று கிடைத்தது இரவு பதினொரு மணி விமானம், சிங்கப்பூர் வழியாக. எட்டரை மணி நேரம் காத்திருந்து ஏறினான். சிங்கப்பூருக்குப் பதினேழு மணி நேரம். அங்கே காலை விமானத்தில் இடமில்லை. பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்து ராத்திரி விமானத்தைப் பிடித்தான். சென்னைக்கு நாலு மணி நேரம். இமிக்ரேஷன் வரிசை, பெட்டி, டாக்ஸி என்று இன்னும் இரண்டு மணி நேரம். புதன் இரவு பதினொன்றரைக்கு வாசலில் வந்து நின்றான்.

கூட்டிப் பாருங்கள். பறந்தது பதினேழும் நாலும் இருபத்தொன்று. அந்த அளவில் படிக்கட்டுப் பேச்சு சுத்தமான உண்மை. ஆனால் போன் அடித்ததிலிருந்து அவன் வாசலுக்கு வந்தது நாற்பத்து மூன்றரை மணி நேரம் கழித்து. இரண்டு மடங்குக்கு மேல். இருட்டிய பிறகு எடுக்கும் வழக்கம் இல்லை என்பதால் வியாழன் காலைதான் எடுத்தார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு, ஹாலில் ஃப்ரீசர் பாக்ஸின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மாமி நடுநடுவே எழுந்து வந்து கண்ணாடிமேல் படிந்த ஈரத்தைப் புடவைத் தலைப்பால் துடைப்பார், முகம் தெரிய வேண்டுமென்று.

சென்னையில் ஒரு சாவு வீட்டில் "எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்டால் "பையன் வரணும்" என்று பதில் வருகிறதே, கலிபோர்னியாவின் தூரத்தை அளக்க அதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

2. தூரம் குறைந்தால் நேரம் குறையும் என்பது மாட்டுவண்டிக் கணக்கு.

சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பூமியின் வளைவை ஒட்டி நூல் பிடித்தால் சுமார் 13,900 கி.மீ. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து வகுத்தால் பதினைந்தரை மணி நேரம் வரும். இந்த வகுத்தலைச் செய்துவிட்டுத்தான் 'கிட்டத்தான் இருக்கு' என்கிறார்கள். அந்த நூலின் மேல் சென்னையிலிருந்து எந்த விமானமும் பறப்பதில்லை. நம் ஊரிலிருந்து அமெரிக்காவுக்கு இறங்காமல் போகும் விமானம் இல்லை. துபாய் வழியாகப் போனால் தூரம் 16,000 கி.மீ.யைத் தொடுகிறது. எங்கே இறங்கி ஏறுவது என்பதை விமானக் கம்பெனியின் அட்டவணை முடிவு செய்கிறது. பூகோளத்தை யாரும் கேட்பதில்லை.

இறங்காத விமானத்துக்கும் இந்த வகுத்தல் பொருந்தாது. தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த ஏர் இந்தியா விமானத்தை 2016 அக்டோபரில் பசிபிக் பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். தூரம் ஏறத்தாழ 1,400 கி.மீ. கூடி, 15,000 கி.மீ.யைத் தாண்டியது. நேரமோ கிட்டத்தட்ட இரண்டு மணி குறைந்தது! பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓயாமல் வீசும் காற்றாறு முதுகில் கைவைத்துத் தள்ளியதுதான் காரணம். எதிரே வீசினால் அதே காற்று நெஞ்சில் கைவைத்துத் தடுக்கும். போன நேரத்தில் திரும்பி வரவும் முடியாது.

காற்றாவது இயற்கை. கோடு கிழிப்பது அரசாங்கங்கள். 2022இல் உக்ரைன் போர் மூண்டதும் ஐரோப்பிய, அமெரிக்க விமானங்களுக்கு ரஷ்ய வானம் மூடிக்கொண்டது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியது. தில்லியிலிருந்து எங்கும் இறங்காமல் அமெரிக்கா போய்க்கொண்டிருந்த விமானங்கள் வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. அமெரிக்கா ஓர் அங்குலம் நகரவில்லை. பயணம் மட்டும் மணிக்கணக்கில் நீண்டது. எங்கோ ஒரு தலைநகரில் போடும் கையெழுத்தால் ஒரே இரவில் நீளும் நேரத்தை நம்பியா வயதான காலத்தைத் திட்டமிடுவது?

3. விமானம் வருஷத்துக்கு வருஷம் வேகமாகிறது என்று யார் காதில் ஓதினார்கள்?

ஏர் இந்தியாவுக்கு முதல் போயிங் 707 வந்தது 1960இல். அதே ஆண்டு நியூயார்க் சேவையும் தொடங்கியது. அந்த 707 பறந்த வேகத்துக்கும் இன்றைய 787 பறக்கும் வேகத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடையாது. இரண்டும் மணிக்கு 900 கி.மீ.யை ஒட்டித்தான். ஒலியை முந்திய கான்கார்ட் 1976இல் பயணிகளை ஏற்றத் தொடங்கி 2003இல் நின்றுபோனது. அதன் இடத்துக்கு இன்றுவரை வேறொன்று வரவில்லை. எரிபொருள் செலவு அப்படி.

அறுபது ஆண்டுகளில் நடுவே இறங்கும் இடங்கள் குறைந்தன, டிக்கெட் மலிந்தது. இரண்டும் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் உலகம் இன்னும் சுருங்கிக்கொண்டே போகிறது, பேரன் காலத்தில் காலையில் போய் மாலையில் வந்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு அறுபது ஆண்டுச் சரித்திரத்தில் ஆதாரம் இல்லை. வேகம் என்றைக்கோ நின்றுவிட்டது. கூடவே விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்பே வந்து நிற்கும் வழக்கம் சேர்ந்துகொண்டது. பெல்ட்டைக் கழற்று, செருப்பைக் கழற்று, லேப்டாப்பை எடு, தண்ணீரைக் கொட்டு. 707இல் போனவருக்கு இந்தச் சடங்கு எதுவும் கிடையாது.

4. கதவு பூட்டியிருந்தால் வாசல் எத்தனை அடி தூரத்தில் இருந்தால் என்ன?

'இருபத்தோரு மணி நேரம்தானே' என்ற வாக்கியம், விமானத்தில் ஏறிவிட்ட மனிதனைப் பற்றியது. ஏற விடுவார்களா என்ற கேள்வியை அது கேட்பதேயில்லை. ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கிறது. கபாலி கோயிலிலிருந்து மூன்று நாலு கிலோமீட்டர், ஆட்டோவில் கால் மணி நேரம். மகளுக்குப் பிரசவம், கூட இருக்க வேண்டும் என்று 2022ஆம் ஆண்டின் கடைசியில் முதல் தடவையாக சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்த தாய்மார்களுக்கு அந்த மூன்று கிலோமீட்டரைக் கடக்க ஐந்நூறு நாளுக்கு மேல் காத்திருப்பு. நேர்காணலுக்கான தேதி அவ்வளவு தள்ளித்தான் கிடைத்தது. குழந்தை பிறந்து, தவழ்ந்து, நடந்துவிடும்.

அந்தப் பக்கத்துக் கதவு? 2025 செப்டம்பர் 19 அன்று எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் அறிவித்தார். புதிய விண்ணப்பங்களுக்கு மட்டும் என்ற விளக்கம் வருவதற்குள், ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் பயணத்தை ரத்து செய்தார்கள், ஊரில் இருந்தவர்கள் இருந்த பணத்தை எல்லாம் கொட்டித் திரும்பி ஓடினார்கள். நவராத்திரி தொடங்கும் நேரம் அது. வரலாம், ஆனால் வந்தால் திரும்பிப் போக முடியுமா என்ற பயத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடுவீர்கள்?

விசா இருந்தாலும் வானம் திறந்திருக்க வேண்டும். 2020 மார்ச் 23 முதல் 2022 மார்ச் 27 வரை இந்தியா வழக்கமான பன்னாட்டுப் பயணிகள் விமானங்களை நிறுத்தி வைத்திருந்தது. சிறப்பு விமானங்கள் பறந்தன. இடம் கிடைத்தவர்கள் வந்தார்கள். கிடைக்காதவர்கள் அப்பாவின் கடைசிக் காரியத்தைக் கைபேசித் திரையில் பார்த்தார்கள். அன்றும் அட்டவணைப்படி அதே இருபத்தோரு மணி நேரம்தான்.

வெளியூர்க் கதை எதற்கு? அடையாறு என்பது முதலில் ஆறு, பிறகுதான் பேட்டை. நம் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அந்த ஆற்றின் மேலேயே பாலம் கட்டி நீட்டப்பட்டது. 2015 டிசம்பர் 1 அன்று ஆறு தன் இடத்தைக் கேட்டு உள்ளே வந்தது. நிலையம் மூடப்பட்டது, பயணிகள் விமானம் திரும்ப நாலைந்து நாள் ஆயிற்று. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலில் மறுபடியும் மூடல். இரண்டும் டிசம்பர். வெளிநாட்டுப் பிள்ளைகள் கச்சேரி சீசனுக்கும் கிறிஸ்துமஸ் லீவுக்கும் ஊர் திரும்பும் அதே டிசம்பர்.

5. எவ்வளவு சீக்கிரம் வருகிறான் என்பதா, எத்தனை தடவை வருகிறான் என்பதா?

என் வாதத்தின் உயிர் இங்கேதான். 1970களில் தி.நகரிலிருந்து மத்திய அரசு வேலைக்குத் தில்லி போன பிள்ளைகள் ஏராளம். சென்ட்ரலில் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறினால் இரண்டு இரவும் ஒரு பகலும். கரோல் பாக் ஜாகையிலிருந்து மாம்பலம் வீட்டு வாசலுக்கு முப்பத்தைந்து, நாற்பது மணி நேரம். அதாவது, இன்றைக்குக் கலிபோர்னியாவிலிருந்து வாசலுக்கு வர ஆகும் நேரம்தான். கடிகாரம் தூரத்தைச் சரியாக அளக்கிறது என்றால், அன்றைய தில்லியும் இன்றைய கலிபோர்னியாவும் சம தூரமாக இருக்க வேண்டும்.

இருந்தனவா? தில்லிப் பிள்ளை வருஷா வருஷம் மே மாதம் குடும்பத்தோடு வந்தான். குழந்தைகள் ஒரு மாதம் பாட்டி வீட்டில் மாங்காய் பொறுக்கின. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்தால் சாதாரண வகுப்பில் நின்றுகொண்டாவது கிளம்பினான். கலிபோர்னியாப் பிள்ளை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, மூன்று வாரம். அதில் ஒரு வாரம் மாமனார் வீட்டில், நாலு நாள் திருப்பதி, கும்பகோணம், மூன்று நாள் கல்யாண வீடுகள், இரண்டு நாள் பல் டாக்டர், மிச்சம் பாதித் தூக்கம். நாலு பேர் டிக்கெட்டுக்கு லட்சக்கணக்கில் பணம், குழந்தைகளின் பள்ளி விடுமுறை, அலுவலகத்து லீவு என்ற மூன்று கயிறுகளும் ஒரே சமயத்தில் அவிழ்ந்தால்தான் அவன் கிளம்ப முடியும். இந்த மூன்றில் எதையும் விமானத்தின் வேகம் தொடுவதில்லை.

எனவே சரியான அளவு மணி நேரம் அல்ல, இடைவெளி. எழுபத்தெட்டு வயது அம்மாவுக்கு இன்னும் பத்து வருஷம் ஆயுள் என்று தாராளமாகவே வைப்போம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, மூன்று வாரம். ஐந்து வருகை, பதினைந்து வாரம். பத்து வருஷத்தில் நாலு மாதம்கூட நிறையவில்லை. 'இருபத்தோரு மணி நேரம்' என்ற எண் இந்தப் பதினைந்து வாரத்தை மறைத்துவிடுகிறது. அந்த எண்ணின் மேல் எனக்கு இருக்கும் கோபம் அதனால்தான்.

6. 'அவன் வராவிட்டால் என்ன, நீங்கள் போகலாமே' என்பவர்கள் எழுபத்தைந்து வயதில் பறந்து பார்த்திருக்கிறார்களா?

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே குடும்ப வாட்ஸாப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றும்: 'அம்மா 12ஆம் தேதி துபாய் வழியா தனியா போறா, அதே ஃபிளைட்டில் யாராவது தெரிஞ்சவா இருக்காளா?' உலகம் சுருங்கியிருந்தால் இந்தச் செய்திக்கு வேலை ஏது? நடக்க முடிகிற மாமிகளும் சக்கர நாற்காலிக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். காலுக்காக இல்லை. யாரோ ஒருவர் தள்ளிக்கொண்டு போய்ச் சரியான வாசலில் விடுவார், ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் பக்கத்தில் நிற்பார் என்பதற்காக. நடுஹாலில் பெட்டியைத் திறந்து, கொக்கித் தராசில் தூக்கித் தூக்கிப் பார்த்து, இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் போன நார்த்தங்காயை எடுத்து வெளியே வைத்து, பருப்புப் பொடியை உள்ளே திணித்து, விடியற்காலை விமானத்துக்கு நள்ளிரவில் கிளம்பிப் போகிறார்கள்.

போய் இறங்கினாலும் உடம்புதான் இறங்குகிறது. நமக்கும் கலிபோர்னியாவுக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேரம், குளிர்காலத்தில் பதிமூன்றரை மணி நேரம் வித்தியாசம். பகல் அப்படியே ராத்திரி. உடம்பின் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே தூக்கமும் பசியும் சரியாக ஒரு வாரம், பத்து நாள். சர்க்கரைக்கு மாத்திரையும் இன்சுலினும் போட்டுக்கொள்பவர்களுக்கு இது வெறும் அசதி இல்லை. எந்த வேளை மருந்தை எப்போது போடுவது என்று டாக்டரைக் கேட்டுத்தான் கிளம்ப வேண்டும். இந்தப் பத்து நாளும் பயணத்தின் நீளத்தில் சேர்த்திதானே?

இத்தனைக்கும் எதிர்த்தரப்பிடம் இரண்டு பதில்கள் மிச்சம் இருக்கும். "தினம் வீடியோவில் முகம் பார்க்கிறோமே." பாருங்கள், நல்லதுதான். அண்ணா நகரில் இருக்கும் பிள்ளையைவிட அதிகம் பேசும் அமெரிக்கப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் குளியலறையில் வழுக்கி விழுந்தவரைத் திரை தூக்கிவிடாது. அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் கேட்டு நர்ஸ் நீட்டும் தாளில் திரையால் கையெழுத்துப் போட முடியாது. "சென்னைக்கும் நேரடி விமானம் விட்டால் சரியாகிவிடும்." விடட்டும், நானும் கேட்கிறேன். எதிர் வீட்டு மகனுக்கு அது சிங்கப்பூரின் பன்னிரண்டு மணி நேரத்தை மிச்சம் பிடித்திருக்கும். லீவை, விசாவை, பள்ளிக்கூடத்தை மிச்சம் பிடித்திருக்காது. அப்பாவை உயிரோடு பார்க்கவும் வைத்திருக்காது.

வெறும் ஆறுதல் வார்த்தைதானே, இதற்கு இவ்வளவு வழக்கா என்று கேட்கலாம். இந்த வார்த்தையை நம்பி வீடுகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பையன் நாளைக்கே வந்துவிடுவான் என்பதால் மருத்துவமனையில் யார் முடிவெடுப்பது என்று பேசி வைப்பதில்லை. மருந்துச் சீட்டுகள் எந்த அலமாரியில் என்று யாருக்கும் தெரிவதில்லை. வங்கிக் கணக்குக்கு நாமினி போடுவதில்லை. செயற்கை மூச்சுக் கருவி வேண்டுமா, வேண்டாமா என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பம் போதும் என்று 2023இல் நடைமுறையை எளிதாக்கியும் விட்டது. நம் தெருவில் எத்தனை வீட்டில் அந்தத் தாள் இருக்கிறது? ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டு, கலிபோர்னியாவில் ராத்திரி இரண்டு மணிக்கு அரைத் தூக்கத்தில் எழுந்தவனிடம் "என்ன பண்ணட்டும் சொல்லுப்பா" என்று கேட்கிறோம். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. தூரத்தைத் தப்பாக அளந்தது நாம்.

ஆகவே பிள்ளைகளுக்கு ஒன்று: "எப்ப வேணும்னாலும் வந்துடுவேம்மா" என்று சொல்லாதீர்கள். உங்களால் முடியாது. எந்த மாதம், எத்தனை நாள் என்று சொல்லுங்கள். பெரியவர்களுக்கு ஒன்று: பிள்ளை வரும் வரைக்குமான நாற்பத்து மூன்றரை மணி நேரத்துக்கு யார் என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள். மருத்துவக் கோப்பை வாசல் பக்கம் வையுங்கள். இன்னொரு சாவியை எதிர் வீட்டில் கொடுங்கள். அங்கிருந்து வர அரை நிமிஷம் ஆகும். விசா வேண்டாம்.